மரபைக் காப்பவர்களும் மனிதரைக் காக்கும் போதனையும்



லிங்கநகரிலும் அதனைச் சூழ்ந்த துறைமுகப் பகுதிகளிலும் குடும்பச் செபம் நிறைவுற்றுத் தேநீர் பரிமாறப்படும் வேளைகளில், ஒரே வினா பல உருவங்களில் எழுகின்றது. “சுவாமி, குடும்பம், ஒழுக்கம், மதுவொழிப்பு, கருக்கலைப்பு எதிர்ப்பு என்று பேசுகிறவர்கள்தானே நமது திருச்சபைக்கு நெருங்கியவர்கள்? அவர்களை ஆதரித்தால் என்ன?” கனடாவிலுள்ள உறவினர் அனுப்பிய காணொளி ஒன்றைக் காட்டி அமெரிக்க அரசியலைப் பேசுவோரும் உண்டு. கேரளத்துக் கத்தோலிக்கர் பாரதிய ஜனதாவின் பக்கம் சாய்வதைச் சுட்டுவோரும் உண்டு. வினா நேர்மையானது. “குருக்கள் அரசியல் பேசலாகாது” என்று கூறி அதைத் தட்டிக் கழிப்பது மேய்ப்புப் பணிக்கு அழகன்று.

மரபைப் பேணும் அரசியலில் திருச்சபை மதிக்கும் கூறுகள் பல உள்ளன என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1891 மே 15 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல், அரசு தோன்றுவதற்கு முன்பே குடும்பம் உண்டு என்றும், தனியுடைமை மனிதனின் இயல்பான உரிமை என்றும் உறுதியாகக் கூறிற்று. இவை மரபுவாதிகளின் செவிக்கு இனியவை. அதே சுற்றுமடல், தொழிலாளியும் முதலாளியும் எந்தக் கூலிக்கு இணங்கியிருந்தாலும், உழைப்பவனின் வாழ்வுக்குப் போதாத கூலி அநீதியே என்றும் கூறிற்று. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையையும் ஏற்றது. இவை அவர்களுக்கு அவ்வளவு இனிக்கவில்லை. நமது மறைமாவட்டம் 1893 இல் அதே திருத்தந்தையின் கரங்களால் உருவாக்கப்பட்டது. கண்டியில் அவர் பாப்பரசர் குருமடத்தை நிறுவியதும் அவ்வாண்டிலேயே. ஆகவே திருகோணமலைக் கத்தோலிக்கருக்குச் சமூகப் போதனை உரோமையிலிருந்து பிந்தி வந்த புதுச் சரக்கன்று. மறைமாவட்டத்தைவிட அதற்கு இரண்டு வயதே அதிகம்.

சிக்கல் எங்கே எழுகின்றதென்றால், மரபைக் காக்கப் புறப்படும் இயக்கம் யாருடைய மரபைக் காக்கின்றது என்ற இடத்தில். பிரான்சில் ஷார்ல் மௌராஸ் என்பவர் ‘அக்ஸியோன் பிரான்சேஸ்’ என்ற இயக்கத்தை வழிநடத்தினார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கவில்லை. ஆயினும் ஒழுங்கையும் தேசத்தையும் காக்கத் திருச்சபை பயன்படும் என்று கருதி அதைப் புகழ்ந்தார். ஆயர்களும் குருக்களும் பலர் மயங்கினர். திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1926 இல் அவ்வியக்கத்தைக் கண்டித்தபோது கத்தோலிக்கப் பிரான்சு அதிர்ந்தது. அக்கண்டனத்தின் எதிரொலியாக லூயி பில்லோ என்ற இயேசு சபைக் கர்தினால் 1927 இல் தம் சிவப்புத் தொப்பியையே துறக்க நேர்ந்தது. திருத்தந்தையின் அச்சம் இதுவே: விசுவாசம் தேசத்தின் கருவியாகிவிட்டால், விசுவாசத்தில் எஞ்சுவது ஆலயக் கட்டடமும் ஊர்வலமும் மட்டுமே.

இனி நமது நாட்டுக்கு வருவோம். சுதந்திரம் கிட்டிய காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கரின் பெரும் அச்சம் மார்க்சியம். லங்கா சமசமாஜக் கட்சி வலுவாக இருந்தது. 1949 இல் உரோமையும் கம்யூனிசத்துக்கு ஆதரவளிப்போருக்கு அருட்சாதனங்களை மறுக்கும் ஆணையை வெளியிட்டது. ஆகவே ஐக்கிய தேசியக் கட்சியே நமக்கு அரண் என்ற எண்ணம் வேரூன்றியது. அந்த அரண்தான் 1948 இல் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, மலையகத் தோட்டங்களில் உழைத்த ஏறத்தாழ ஏழு இலட்சம் தமிழரை நாடற்றோராக்கியது. அவர்களிலும் ஞானஸ்நானம் பெற்றோர் இருந்தனர். அவர்கள் இடதுசாரிகளுக்கு வாக்களித்தார்கள் என்பதும் அச்சட்டத்துக்கு ஒரு காரணம். ‘ரேரும் நோவாரும்’ பேசிய தொழிலாளி நம் கண்முன்னே, கொழுந்துக் கூடையைச் சுமந்தபடி நின்றார். நமது கவனமோ பாடசாலைகள் மீதும் சிவப்புக் கொடி மீதும் குவிந்திருந்தது.

பாடசாலைகளும் தப்பவில்லை. 1956 க்குப் பின் எழுந்த சிங்கள பௌத்த மரபுவாதம் கத்தோலிக்கரைக் குடியேற்றவாதத்தின் எச்சமாகக் கண்டது. 1960 டிசம்பரில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது பெற்றோர் வகுப்பறைகளில் பாயை விரித்து இரவு பகலாகக் காவலிருந்தனர். பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து பேசிய பின்பே, 1961 ஜனவரியில் அப்போராட்டம் தணிந்தது. ஒரு மரபுவாதம் நம்மைத் தன் வீட்டுக்குள் வைத்திருந்தது. மற்றொன்று வாசலுக்கு வெளியே நிறுத்தியது. இரண்டுக்கும் நடுவே பதினைந்து ஆண்டுகள்கூட இல்லை.

அந்த வெளிவாசல் அனுபவம் 2003 இலும் 2004 இலும் மீண்டது. மென்சிங்கன் திருச்சிலுவைச் சபை அருட்சகோதரிகள் தமது சபையைச் சட்டரீதியாகக் கூட்டிணைக்கப் பாராளுமன்றத்தில் சட்டமூலம் சமர்ப்பித்தார்கள். 2003 இல் உயர் நீதிமன்றம் அதனை அரசியலமைப்புக்கு முரணானதெனக் கண்டது. பள்ளியும் மருத்துவப் பணியும் நடத்துவோர் நற்செய்தியையும் அறிவித்தால் அது வறியோரை ஈர்க்கும் தூண்டிலாகலாம் என்பதே அதன் சாரம். சகோதரிகள் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவை நாடினர். 2005 இல் குழு அவர்கள் பக்கமே தீர்ப்புரைத்தது. இதற்கிடையே 2004 ஏப்ரல் தேர்தலில் ஜாதிக ஹெல உறுமய ஒன்பது பிக்குகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. தர்ம இராச்சியம், மது எதிர்ப்பு, ஒழுக்கமான பொதுவாழ்வு என்பன அவர்களது முழக்கங்கள். மறையுரை மேடையில் நாம் பேசுவதற்கும் அவற்றுக்கும் என்ன வேறுபாடு என்று அந்நாளில் ஒருவர் கேட்டிருந்தால் விடை சொல்லத் தடுமாறியிருப்போம். அதே ஆண்டில் அக்கட்சி மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. மீறினால் ஐந்தாண்டு, சில சந்தர்ப்பங்களில் ஏழாண்டுச் சிறை. அதன் சில பிரிவுகளை நிறைவேற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் மக்கள் தீர்ப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறியமையால் அது தடைப்பட்டது.

அதே 2004 இல் நீதிக்கும் அமைதிக்குமான திருப்பீட அவை ‘திருச்சபையின் சமூகப் போதனைத் தொகுப்பு’ நூலை வெளியிட்டது. விசுவாசத்தின் கோரிக்கைகள் அனைத்தையும் நிறைவுசெய்யும் கட்சி என்று எதையும் ஒரு கிறிஸ்தவர் கருதிவிட முடியாது என்பதை அந்நூல் தெளிவாக எடுத்துரைக்கின்றது. கட்சியில் சேரலாம், வாக்களிக்கலாம், உழைக்கலாம். ஆனால் மனச்சான்றை அடகு வைக்கலாகாது. (குருமடத்தில் இந்நூலைப் பரீட்சைக்காகப் படித்தவர்களில் எத்தனை பேர் பின்னர் பங்கில் திறந்து பார்க்கிறோம் என்பது வேறு கதை.)

இவ்வளவு பட்டறிவு இருந்தும் 2019 வந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று விடுதிகள். இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அவ்வாரம் முடியுமுன்பே, தாம் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கப்போவதாகக் கோத்தாபய ராஜபக்ச கூறினார். தேசப் பாதுகாப்பு என்ற ஒற்றைச் சொல் அத்தேர்தலைச் சுமந்தது. நவம்பர் 16 இல் அவர் 52 வீதத்துக்குச் சற்று அதிகமான வாக்குகளால் வென்றார். மேற்குக் கரையோரக் கத்தோலிக்கரில் கணிசமானோர் அவருக்கு வாக்களித்தனர். பிள்ளைகளைப் பலிகொடுத்த தாய்மார் பாதுகாப்பைத் தேடியதில் எவர் குறை காண முடியும்? திருகோணமலை மாவட்டமோ ஏறத்தாழ 72 வீத வாக்குகளை எதிர்வேட்பாளருக்கு அளித்தது. மடுமாதாவின் ஆவணித் திருவிழாவில் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே செபமாலையைச் சொல்லும் மக்கள், மூன்று மாதங்களின் பின் ஒரே மனிதரை எதிரெதிராகக் கண்டார்கள். ஒரு சாராருக்கு அவர் காவலர். மற்றச் சாராருக்கு அவர் 2009 இன் பாதுகாப்புச் செயலாளர். கத்தோலிக்கர் என்ற பெயரால் நாம் இதைக் கூடிப் பேசவே இல்லை; ஆயர்களும் குருக்களும் பொதுநிலையினரும் அவரவர் மொழிக்குள்ளேயே பேசி முடித்தோம். எனது எண்ணத்தில், அவ்வாண்டின் மிகப்பெரிய திருச்சபைப் பிழை அந்த மௌனமே.

நவம்பர் 18 இல் அநுராதபுரம் ருவன்வெலிசாயவில் பதவியேற்ற புதிய ஜனாதிபதி, சிங்கள மக்களின் வாக்குகளால் தாம் வென்றதாக வெளிப்படையாகவே கூறினார். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைக்காக ஒரு செயலணியை நியமித்தார். தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தின் மரபைக் காக்க அமைந்த அவ்வணியில், நியமிக்கப்பட்டபோது ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. மேலே கேட்ட வினா இங்கே மண்ணில் இறங்குகின்றது: யாருடைய மரபு?

திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931 இல் வகுத்த ஒரு கோட்பாடு இங்கு உதவும். சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதை, பெரிய அமைப்பு அதனிடமிருந்து பறிப்பது அநீதி என்பது அது. குடும்பம் செய்வதை ஊர் பறிக்கலாகாது. ஊர் செய்வதை மாகாணம் பறிக்கலாகாது. மாகாணம் செய்வதைத் தலைநகர் பறிக்கலாகாது. மேல்நாட்டு மரபுவாதிகள் இக்கோட்பாட்டை விரும்பி எடுத்தாளுவர். நமது நாட்டின் மரபுவாதமோ இதற்கு நேரெதிராக அனைத்தையும் கொழும்புக்குள் இழுக்கின்றது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தலே நடத்தப்படவில்லை. அதிகாரப் பகிர்வைத் தமிழரின் இனக் கோரிக்கை என்று மட்டும் கருதும் சிங்களக் கத்தோலிக்கச் சகோதரருக்கு, இது திருச்சபைப் போதனையின் கோரிக்கையும் ஆகும் என்பதை எடுத்துச் சொல்ல நாம் ஏன் முயலவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

உண்மை மெல்ல வெளிவந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை 2021 பெப்ரவரியில் கையளிக்கப்பட்டது. நீதி கிட்டாத ஏமாற்றத்தில் மார்ச் 7 ஐக் கர்தினால் மல்கம் ரஞ்சித் கறுப்பு ஞாயிறாக அறிவித்தார்; மக்கள் கறுப்புடையில் திருப்பலிக்கு வந்தனர். 2022 இல் காலிமுகத்திடலில் குருக்களும் அருட்சகோதரிகளும் இளைஞரோடு நின்றனர். அவ்வாண்டு ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறினார். பாதுகாப்புக்காக அளிக்கப்பட்ட வாக்கு பாதுகாப்பையும் தரவில்லை, நீதியையும் தரவில்லை.

இது நம் தீவின் கதை மட்டுமன்று. 2024 இல் திருச்சூரில் பாரதிய ஜனதா வென்றபோது கத்தோலிக்க வாக்குகளும் அதற்கு உதவின என்று பேசப்பட்டது. 2025 ஜூலை 25 இல், அக்கட்சி ஆளும் சத்தீஸ்கரின் துர்க் புகையிரத நிலையத்தில் கேரளத்து அருட்சகோதரிகள் இருவர், ஆட்கடத்தல், மதமாற்றம் என்ற குற்றச்சாட்டில் கைதாகி ஒரு வாரத்துக்கு மேல் சிறையிலிருந்தனர். திருச்சி மண்ணில் பிறந்த இயேசு சபைத் தந்தை ஸ்தான் சுவாமி, ஜார்க்கண்டு ஆதிவாசிகளுக்காக உழைத்து, 2020 ஒக்டோபரில் கைதாகி, பிணை கிட்டாமலே 2021 ஜூலை 5 இல் மரித்ததையும் நாம் மறக்கவில்லை. 2019 இல் நிறைவேறிய இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து வந்த கிறிஸ்தவரையும் ஏற்றுக்கொள்கின்றது. அதைக் காட்டி ‘கிறிஸ்தவருக்கும் இடமுண்டு’ என்று மகிழ்ந்தோர் உண்டு. தமிழகத்து முகாம்களில் பல்லாண்டுகளாக வாழும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட நம்மவருக்கு, அவர் கிறிஸ்தவராயினும் இந்துவாயினும், அதில் இடமில்லை.

அமெரிக்காவில் 2025 ஜனவரியில் உப ஜனாதிபதியான ஜே.டி. வான்ஸ், 2019 இல் கத்தோலிக்கரானவர். முதலில் குடும்பம், பின்னர் அயலவர், பின்னர் சொந்த நாட்டவர், இறுதியில்தான் ஏனையோர் என்பது கிறிஸ்தவ அன்பின் ஒழுங்கு என்று அவர் வாதிட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் பெப்ரவரி 10 இல் அந்நாட்டு ஆயர்களுக்கு மடல் வரைந்து, அன்பின் உண்மை ஒழுங்கை நல்ல சமாரியர் உவமையில் தேடுமாறு பணித்தார். அவருக்குப் பின் வந்த திருத்தந்தை பதினான்காம் சிங்கராயரும் அதே ஆண்டு செப்டெம்பரில், கருக்கலைப்பை எதிர்த்துக்கொண்டே மரண தண்டனையையும் குடியேறிகளை மனிதாபிமானமின்றி நடத்துவதையும் ஆதரிப்பவர் உயிரின் பக்கம் நிற்பவராவாரா என வினவினார்.

அவ்வினா நமக்கும் பொருந்தும். 2017 இல் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தும் முயற்சியை நமது ஆயர்கள் எதிர்த்தபோது இல்லந்தோறும் ஆதரவு இருந்தது. 2018 ஜூலையில் போதைப்பொருள் கைதிகளைத் தூக்கிலிடப் போவதாக அப்போதைய ஜனாதிபதி அறிவித்தபோதும் நம்மில் பலர் கைதட்டினர். அடுத்த மாதமே, ஓகஸ்ட் 2 இல், மரண தண்டனை ஏற்கத்தகாதது என மறைக்கல்வி நூலின் 2267 ஆம் இலக்கம் திருத்தி எழுதப்பட்டது. எத்தனை பங்குகளில் அது வாசிக்கப்பட்டது?

நாம் சிறுபான்மையினராகவே இருப்பதால் மரபுவாதம் பிறரின் நோய் என்று எண்ணிவிடலாகாது. கத்தோலிக்கர் திரண்டு வாழும் மன்னாரில், 2019 மார்ச் 3 இல், சிவராத்திரிக்கு முன்தினம், திருக்கேதீச்சரத்துக்குச் செல்லும் வழியில் அமைக்கப்பட்ட வளைவைப் பிடுங்கி எறிந்தவர்கள் நமது மக்களே. காணியுரிமை பற்றிய வாதம் எவ்வாறிருப்பினும், அந்தக் காட்சியைக் கண்ட இந்துச் சகோதரர் நம்மில் எதைக் கண்டிருப்பர்? அதற்குச் சரியாக ஏழு வாரங்களின் பின்னரே உயிர்த்த ஞாயிறு வந்தது. அன்று நம்மோடு அழுதவர்களில் அவர்களும் இருந்தனர். நமது நகரிலேயே 2018 இல் சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது பாடசாலை மரபுக்கு மாறானது என்று போராட்டம் நடந்தபோது, கத்தோலிக்க இல்லங்களிலும் அதை ஆமோதித்த குரல்கள் கேட்டன. முக்காடு அணிந்த அருட்சகோதரிகளிடம் கல்வி கற்ற இல்லங்கள் அவை.

ஆட்சி மாறினால் எல்லாம் மாறிவிடும் என்போருக்கும் ஒரு சொல். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது. நமது மாவட்டத்தின் நான்கு ஆசனங்களில் இரண்டு அதனுடையவை. ஒரு காலத்தில் நாம் எந்தச் சிவப்புக் கொடியை அஞ்சினோமோ, அதன் மரபில் வந்த அணிக்குக் கத்தோலிக்கர் பெருவாரியாக வாக்களித்தனர். 2025 நவம்பர் 16 இரவு, திருகோணமலைக் கடற்கரையோர விகாரை வளவில் வைக்கப்பட்ட புத்தர் சிலையைப் பொலிசார் அகற்றினர். தெற்கில் எழுந்த கூச்சலின் பின், மறுநாளே அதை மீள வைத்தனர். 2005 மே மாதத்தில் பேருந்து நிலையத்தருகே ஓர் இரவில் சிலை எழுந்ததையும், அதன்பின் கடைகள் அடைபட்டதையும் நினைவிற் கொண்டவர்களுக்கு இதில் வியப்பில்லை. மரபுவாத இயக்கம் ஆட்சியிலிருக்க வேண்டிய அவசியமில்லை. ஆட்சியிலிருப்போர் அதற்கு அஞ்சினாலே போதும்.

இறுதியாக, 2020 ஐ எண்ணிப் பார்க்கிறேன். கொவிட் நோயால் இறந்தோர் எவராயினும் தகனம் செய்யப்பட வேண்டும் என்று ஏப்ரல் 11 இல் வர்த்தமானி வெளியாயிற்று. உலக சுகாதார நிறுவனம் நல்லடக்கத்தைத் தடுக்கவில்லை. பிறந்து இருபது நாட்களேயான முஸ்லிம் குழந்தையொன்றின் உடலும் எரிக்கப்பட்டது. முஸ்லிம்களோடு கிறிஸ்தவரும் உயர் நீதிமன்றம் சென்றனர். டிசம்பர் 1 இல் மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. மரித்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று என்று முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்யும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆயினும் உயிர்த்த ஞாயிறின் காயம் ஆறாதிருந்த நம்மில் பலருக்கு, முஸ்லிம் தாயொருத்தியின் கண்ணீருக்காகக் குரலெழுப்ப மனம் வரவில்லை. பத்து மாதங்களின் பின், 2021 பெப்ரவரி இறுதியில் தடை நீங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அடக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட நிலம் நமது மாகாணத்தில், மட்டக்களப்பு வீதியில் செல்வோர் கடக்கும் ஓட்டமாவடிப் பகுதியில் உள்ளது. நாடெங்குமிருந்து உடல்கள் அங்கு கொண்டுவரப்பட்டன. பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்கள் நடுவே இந்துக்களும் பௌத்தரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கிறிஸ்தவரும் அங்கே துயில்கின்றனர்.